டப்பாவும் அக்காவும் பத்து டெசிபலும்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு யாருடைய பாட்டையாவது துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருப்பாய். விஷயமும் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே விடுகிறேன்.

பாட்டு டப்பாவுக்குப் புதிதாக ஒரு வேலை கொடுக்கிறோம். நானும், இதுவரை நேரில் பார்க்காத ஏழெட்டுப் பேரும் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரித்தும் பாருங்கள் என்று ஊருக்கே கொடுத்துவைத்திருக்கும் மென்பொருள்தான். நீ எனக்கு வைத்த பட்டப்பெயரையே அதற்கும் வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாயே. இதுவரை அது பாட்டுகளை அடுக்கி வைத்தது, கேட்டதைத் தேடிக் கொடுத்தது, பாடிக் காட்டியது. இனிமேல் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்தில் பாடும்.

இதற்குக் காரணம் அம்மா. போன வாரம் சமையலறையில் டப்பாவைப் போட்டிருந்தாள். ரொம்பப் பழைய பாட்டு ஒன்று முணுமுணுவென்று ஓடியது. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கியிருக்கிறாள். அடுத்து வந்தது நீ செய்து கொடுத்த பாட்டு. பாத்திரம் கீழே, அம்மா சுவரோரம். வெறும் தண்ணீர்தான், பயப்படாதே. "ஒரு பாட்டுக்குக் காதை நீட்டணும், அடுத்த பாட்டுக்குக் காதைப் பொத்தணும். என்னடா பொட்டி செஞ்சு வெச்சிருக்கே?" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

பாட்டை நாங்கள் தொடப்போவதில்லை. ஒவ்வொரு பாட்டையும் டப்பா ஒருமுறை முழுக்கக் கேட்டு, மனிதக் காதுக்கு அது எவ்வளவு சத்தமாகப் படும் என்று அளந்து, பாட்டின் பெயர் இருக்கும் இடத்திலேயே அந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளும். பாடும்போது அதைப் பார்த்துக் கூட்டும் அல்லது குறைக்கும். அவ்வளவுதான்.

என் சேமிப்பு முழுவதையும் அளந்து பார்த்தேன். யாருடைய பாட்டை அதிகம் குறைக்க வேண்டியிருந்தது தெரியுமா? உன்னுடையதைத்தான்! பத்து டெசிபல், காதுக்குக் கிட்டத்தட்டப் பாதிச் சத்தம்! நம் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது என்பதைப் பாட்டிலேயே நிரூபித்துவிட்டாய், போ.

சோதனைப் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பார்த்துச் சொல். நம் குடும்பத்தில் காது என்று ஒன்று இருப்பது உனக்கு மட்டும்தான்.

டப்பா


ஜூன் 11

தம்பிக்கு,

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை போலிருக்கிறது. பாடி, வாசித்து, எல்லாவற்றையும் கலந்து முடித்த பிறகு பாட்டு கடைசியாக என்னிடம் வருகிறது. வெளியே போகிற பிள்ளைக்குத் தலை சீவி, சட்டையை இழுத்துவிட்டு அனுப்புவது மாதிரியான வேலை. நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு சோபா இருக்கிறது. தயாரிப்பாளர்கள் அதில்தான் உட்காருவார்கள். "நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் சத்தமா வருமா?" என்பார்கள். வேறொருவருடைய பாட்டைப் போட்டுக் காட்டி, "அது எப்படி அடிக்குது பாருங்க, நம்மளுது பக்கத்துல நின்னா பாவமா இருக்கு" என்பார்கள். கூட்டிக் கொடுப்பேன். அடுத்த மாதம் இன்னொரு ஸ்டூடியோவில், இன்னொரு சோபாவில் உட்கார்ந்து, நான் செய்ததைப் போட்டுக் காட்டி ஒருவர் இதையே கேட்பார். பதினெட்டு வருஷமாக இந்த ஓட்டம் ஓடுகிறேன்.

சத்தத்துக்குக் கூரை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் ஒலி கிழிந்துவிடும். அதனால் தலை இடிக்கும் இடங்களை அமுக்க வேண்டும், படுத்திருக்கும் இடங்களைத் தூக்கி நிறுத்த வேண்டும். கேட்பவருக்கு அமுக்கியது தெரியக்கூடாது. இது லேசான வேலை இல்லை. இதில் கெட்டிக்காரி என்றுதான் எனக்குப் பெயர். இந்தப் பெயரை வைத்துத்தான் என் அடுப்பு எரிகிறது.

நீ என்னடாவென்றால் ஓர் எண்ணை எழுதி வைத்து அதைப் பத்து டெசிபல் கீழே இறக்குகிறாய். அதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறாய்.

உன் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். மூன்று பாட்டோடு மூடிவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வேண்டியவர்கள் தேடிப் போய்ப் போட்டுக்கொள்ளும்படி ஓர் ஓரமாக வை. நிறுவிய உடனே தானாக வேலை செய்யும்படி வைக்காதே. கடைகளிலும் ஆபீஸ்களிலும் உன் டப்பாதான் ஓடுகிறது என்று நீதான் பெருமையடித்தாய். என்னிடம் வேலை கொடுப்பவர்கள் அங்கேயும் உட்கார்ந்திருப்பார்கள்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

"தம்பிக்கு" என்று ஆரம்பித்திருந்ததைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது.

நீ கேட்டதை மற்றவர்களிடம் வைத்தேன், யார் கேட்டது என்று சொல்லாமல். ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் நூற்றில் இரண்டு பேர். ஓரமாக வைத்தால் அது இல்லாததற்குச் சமம். பிசியோதெரபி நிலையம் நடத்தும் ஒரு பெண்மணி மூன்று வருஷமாக எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதுகு பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பவர், அடுத்த பாட்டு திடீரென்று அலறும்போது துள்ளினால் என்ன ஆகும்? அவருக்கு என்ன பதில் சொல்வது? என் அக்கா கோபித்துக்கொள்வாள் என்றா?

அளவு எல்லாருக்கும் ஒன்றுதான். உன் பாட்டை மட்டும் தேடிப் பிடித்து நான் இறக்கவில்லை. சத்தம் குறைந்ததும் அந்தப் பாட்டு செத்துப்போகிறது என்றால், அதைக் கொன்றது என் மென்பொருளா என்று நீயே யோசித்துப் பார்.

ஜூலை முதல் வாரம் வெளியிடுகிறோம். தானாக வேலை செய்யும்.

தம்பி


ஜூலை 27

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா கூப்பிட்டால் பேசுகிறாய், என் பெயரை எடுத்தால் "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாயாம். "ரெண்டு பேரும் என்னடா பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்கிறாள். பாட்டுச் சத்தத்துக்காகச் சண்டை என்று சொன்னால் நம்புவாளா? சொத்துத் தகராறு என்றாலாவது கௌரவமாக இருக்கும்.

போன கடிதத்தில் கொன்றது யார் என்று ஒரு வரி எழுதினேன். அனுப்பிய மறு நிமிஷமே அதைத் திரும்ப வாங்க முடியாதா என்றிருந்தது. என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதிலேயே புரிந்துவிட்டது. மன்னித்துக்கொள். வாதத்தில் ஜெயிப்பதற்காக எழுதியது அது.

டப்பா வெளியாகிவிட்டது. பிசியோதெரபி அம்மா எங்கள் எல்லாருக்கும் நன்றி எழுதியிருக்கிறார். ஆனால் வேறு ஓரிடத்தில் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். நீ ரொம்ப நாளைக்கு முன்னால் செய்தாயே, ஏழு பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்துகொண்டே போகும் ஒரு தொகுப்பு. முதல் பாட்டு காதுக்குள் ரகசியம் சொல்வது மாதிரி ஆரம்பித்து, கடைசிப் பாட்டில் அத்தனை பேரும் சேர்ந்து பாடுவார்களே, அது. டப்பா அந்த முதல் பாட்டைத் தூக்கி, கடைசிப் பாட்டை இறக்கி, இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டது. "ரகசியத்தைக் கூட்டத்தில் சொல்வது மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னும் பலர் வேறு தொகுப்புகளைக் காட்டி இதையே சொல்கிறார்கள்.

போட்டுக் கேட்டேன். அவர்கள் சொல்வது சரிதான். எப்படிச் சரி செய்வது என்று எங்களுக்குள் ஆளுக்கொன்று சொல்கிறோம். உன்னைக் கேட்கவேண்டும் என்று முதல் நாளே தோன்றியது. கேட்க முகம் இல்லாமல் இருந்துவிட்டேன்.

டப்பா


ஆகஸ்ட் 5

டப்பா,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். உன்னுடையது பிறகு.

எனக்கு அதிகம் வேலை கொடுக்கும் தயாரிப்பாளரின் ஆபீஸில் உன் டப்பா ஓடுகிறது. ஜூலை நடுவில் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். நான் செய்த அவருடைய கடைசித் தொகுப்பைப் போட்டார். அது முடிந்ததும் யாருடையதோ ஒரு பழைய பாட்டு தானாக வந்தது. இரண்டும் ஒரே சத்தம். பழையதில் மத்தளத்தின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எழுந்து நின்றது.

"ஏம்மா, நம்ம பாட்டு மட்டும் ஏன் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு?" என்றார்.

"நீங்க கேட்ட சத்தம்தான் சார். அதைக் குறைச்சா இப்படித்தான் இருக்கும்."

"நான் போர்வை கேட்டேனா?"

அடுத்த தொகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து உன்னை மனசாரத் திட்டினேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். அப்புறம், ஜூனில் மூன்று பாட்டோடு மூடினதைத் திரும்பத் திறந்தேன். நான் செய்த எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கி, உன் ஒரே சத்தத்தில் கேட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. முதல் நான்கைந்து வருஷத்துப் பாட்டெல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. பாடுகிறவர் பக்கத்தில் வருகிறார், தள்ளிப் போகிறார். பிறகு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் ஒரே சுவரில் அப்பிக்கொள்கிறார்கள். கடைசி மூன்று வருஷத்தில் எதுவுமே அசையவில்லை.

இது எனக்குத் தெரியாதா, டப்பா? தெரியும். ஆனால் ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போட்டால் சத்தமானதுதான் நல்லது மாதிரி இருக்கும். எந்தக் காதையும் அது ஏமாற்றிவிடும், என் காதையும் சேர்த்து. உன் எண்ணிடம் அது பலிக்கவில்லை. நீ எழுதிய அந்த வரி எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று இப்போது புரிகிறது. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே போனில் கூப்பிட்டுக் கிழித்திருப்பேன்.

சரி, உன் தொல்லைக்கு வருகிறேன். தனித்தனியாக அளந்ததுதான் தப்பு. அந்த ஏழு பாட்டையும் ஒரே பாட்டாக நினைத்து மொத்தமாக அள. ஓர் எண் வரும். கூட்டினாலும் குறைத்தாலும் ஏழுக்கும் அதே அளவுதான். அப்போது ரகசியம் ரகசியமாக இருக்கும், கூட்டம் கூட்டமாக இருக்கும். யாராவது பல தொகுப்புகளிலிருந்து கலைத்துப் போட்டுக் கேட்டால் மட்டும் தனித்தனி எண்ணை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு எண்ணையும் எழுதி வை. எதை எடுப்பது என்பதை, எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்து டப்பாவே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. மெதுவான பாட்டைக் கூட்டும்போது, அதில் எங்காவது ஒரே ஓரிடத்தில் ஓங்கி ஓர் அடி இருந்தால் அது கூரையில் இடித்துக் கிழியும். அந்த உச்சியையும் அளந்து வைத்துக்கொண்டு, இடிக்காத அளவுக்கு மட்டும் கூட்டு. செய்திருக்க மாட்டாய்.

அக்கா


ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்கா,

செய்திருக்கவில்லை.

இரண்டையும் எழுதி முடித்துவிட்டோம். உன் ஏழு பாட்டைப் போட்டேன். முதல் பாட்டு வந்தபோது மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். கடைசிப் பாட்டில் அம்மா உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். "இது பெரியவ பண்ணினதுதானே?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

உனக்கு வேலை போனதைப் படித்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாருடைய கம்ப்யூட்டரையோ சரி செய்யப் போய், சரியாக இருந்த பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டேன். ஒன்று நினைத்தேன். அடுத்த பதிப்பில் தானாக வேலை செய்வதை நிறுத்திவிடலாம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களிடம் ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்துவிடலாம். இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அக்கா கேட்டாங்களா?" என்றாள்.

"ஜூன்ல கேட்டா."

"இப்ப கேட்டாங்களா?"

அதனால் நேராகவே கேட்கிறேன். எடுத்துவிடட்டுமா? நீ "ஆமாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், செய்துவிடுவேன். காரணம் கேட்க மாட்டேன். பிசியோதெரபி அம்மாவுக்குத் தனியாக எழுதி, எங்கே போய்ப் போட்டுக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

டப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள டப்பாவுக்கு,

எடுக்காதே.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் யோசனை இல்லை, வேலை. அந்தத் தயாரிப்பாளர் போர்வை என்று சொன்ன தொகுப்பை, அமுக்குவதற்கு முன்னால் இருந்த நிலையிலிருந்து மறுபடி செய்தேன். யாரும் கேட்கவில்லை. எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாங்கவிட்டேன். எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போனேன். வேறு ஏதோ விஷயமாக அதில் பாடிய பாடகியும் அங்கே வந்திருந்தார்.

முதலில் உன் டப்பாவின் ஒரே சத்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, வெளியில் வந்ததையும் இதையும் போட்டேன். "பழசுதான் அடிக்குது, புதுசு சவசவன்னு இருக்கு" என்றார் தயாரிப்பாளர். பிறகு அதை இயக்கிவிட்டுப் போட்டேன். சாய்ந்திருந்தவர் முன்னால் வந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஊர்ல எல்லாரும் உங்க தம்பி டப்பாவுலயா கேக்குறாங்க? கார்ல போறவன் அதையும் இதையும் மாத்தி மாத்திப் போடுவான். நம்மளுது மெதுவா வந்தா தாண்டிப் போயிடுவான்."

அவர் சொல்வதில் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அது பிழைப்பு. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பாடகி மட்டும் நகரவில்லை. "இதுல நான் மூச்சு எடுக்கிறது கேக்குதே" என்றார்.

"ஆமா. எடுத்துடவா?"

"ஐயோ, வேண்டாம். வெளியில வந்ததுல மூச்சே விடாம பாடின மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, இது நீ பாடினதா, மெஷின் பாடினதான்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தார். அவரும் இரண்டு வாசிப்பாளர்களும் சேர்ந்து சொந்தமாக ஆறு பாட்டு பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம். பணம் போட்டுச் சோபாவில் உட்காரத் தயாரிப்பாளர் யாரும் இல்லை, அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கிறதாம். கொண்டு வரச் சொன்னேன். பெரிய வேலை இல்லை. போன வேலைக்கு இது ஈடும் இல்லை. அறை வாடகை கட்டுப்படியாகாது என்பதால் ஸ்டூடியோவைப் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டேன். சோபா உள்ளே நுழையவில்லை. விற்றுவிட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உன் டப்பாவின் உதவிப் பக்கத்தில், "அதிகச் சத்தமுள்ள பாடல்களின் குறையைச் சரிசெய்யும்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதை மாற்று. அது குறை இல்லை. அந்தப் பாட்டைச் சத்தமாகச் செய்தவர்கள் அதற்காகக் கஷ்டப்பட்டுத்தான் செய்தார்கள். "எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலிக்கச் செய்யும்" என்று எழுது. எனக்காக இதை மட்டும் செய்.

அக்கா


செப்டம்பர் 4

அக்கா,

அந்த வரியை எழுதியது நான்தான். மாற்றிவிட்டேன். மாற்றங்களைச் செய்தவர்கள் பட்டியலில் உன்னையும் சேர்த்துவிட்டேன். பெயர் போட்டால் திட்டுவாய் என்று "ஓர் ஒலிப் பொறியாளர்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். டப்பாவை எழுதும் எங்கள் கூட்டத்தில் ஒருவர், "யார் இவர், இவ்வளவு நாள் எங்கே இருந்தார்?" என்று கேட்கிறார். பக்கத்திலேயே இருந்தார், நான்தான் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று பதில் எழுதினேன்.

டப்பா


அக்டோபர் 9

டப்பா,

ஆறு பாட்டையும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் முடிக்கவில்லை. உன் எண் என்ன சொல்கிறது என்று எனக்கு வேண்டாம். அதை நானே பார்த்துக்கொள்வேன். நீ கேட்டுச் சொல். அளக்காதே, கேள்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்கா,

நீ இதுவரை என்னிடம் ஒரு பாட்டைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. அதனால் பயந்துகொண்டே கேட்டேன். மூன்று நாள், தினமும் ஒரு தடவை. அளக்கவில்லை, சத்தியமாக.

ஐந்து பாட்டு பிரமாதம். இரண்டாவதில், பாட்டு முடிந்த பிறகு அந்தக் கம்பி அதிர்ந்து அடங்குவதை அப்படியே விட்டிருக்கிறாய். அது அடங்கும்வரை நான் கையை அசைக்கவில்லை.

நாலாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல எனக்கு விவரம் போதாது. மற்றதிலெல்லாம் அவர் யாரிடமோ பாடுகிறார். இதில் நன்றாகப் பாடவேண்டும் என்று பாடுகிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தப்பாக இருந்தால் விட்டுவிடு. போன தடவை மாதிரி ஐந்து வாரம் பேசாமல் இருந்துவிடாதே.

டப்பா


அக்டோபர் 20

அன்புள்ள டப்பாவுக்கு,

நாலாவது பாட்டில் எனக்கும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. என் வேலையில்தான் கோளாறு என்று நினைத்து அதை மட்டும் ஒன்பது தடவை மாற்றி மாற்றிச் செய்துவிட்டேன். நீ எழுதியதை அப்படியே பாடகியிடம் படித்துக் காட்டினேன்.

"யார் சொன்னது?" என்றார்.

"என் தம்பி."

"பாட்டு கத்துக்கிட்டவரா?"

"இல்லைங்க. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்குறான்."

நாலாவது பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அன்னைக்குப் பக்கத்து ரூம்ல பெரிய ஆளு ஒருத்தர் வந்து உக்காந்திருந்தாரு. அவருக்குக் கேக்கணும்னுதான் பாடினேன்" என்றார். சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வருகிற சனிக்கிழமை அதை மட்டும் மறுபடி பாடுகிறார். என் அறையிலேயே, ஒரே ஒரு மைக் வைத்து. உன்னை வரச் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். லீவு கேட்டுக்கொள். அம்மாவையும் உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. அறையில் நாற்காலி நாலுதான் இருக்கிறது. நீ தரையில் உட்கார்ந்துகொள்.

அக்கா